ஓனஸ்: பொறுப்பா, சுமையா?

இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து எங்கட பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் தாயொருவர் படிவமொன்றைக் கொண்டு வந்தார். பிள்ளையின் பிறப்பைக் காலந்தாழ்த்திப் பதிவதற்கான படிவம். அடியில், "எண்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரைச் சார்ந்தது" என்றிருந்தது. "எனக்குப் பொறுப்பில்லன்னு எழுதியிருக்காங்களா சேர்?" என்று கேட்டார். இல்லையம்மா, அத்தாட்சியை நீங்கதான் தேடிக் கொடுக்கணும் என்றேன். பிழை அவருடைய வாசிப்பில் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

மூலச்சொல் 'ஓனஸ்'. இலத்தீனில் அதற்குச் சுமை, பாரம் என்பதே பொருள். குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பதைக் குறிக்கும் 'எக்சொனரேட்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. சுமையை இறக்கிவிடுதல் என்பது அதன் அடிப்பொருள். சட்டத்தில் 'ஓனஸ்' இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறது: நிரூபிக்க வேண்டியவர் யார்? நிரூபிக்காவிட்டால் தோற்பவர் யார்?

தமிழிலும் 'பொறு' என்ற வேருக்குச் சுமத்தல் என்ற பொருளுண்டு. 'பொறை' என்றால் பொறுமை மட்டுமல்ல, பாரமும்தான். ஆனால் இன்றைய வழக்கில் 'பொறுப்பு' பாரத்தை இழந்து, நல்ல குணத்தின் பெயராகிவிட்டது. பொறுப்புள்ள பிள்ளை, பொறுப்பற்ற தகப்பன் என்கிறோம். ஆகவே 'எண்பிக்கும் பொறுப்பு' என்றதும் அத்தாட்சி இல்லாதவர் குற்றவாளி போலத் தோன்றுகிறார். 'எண்பிக்கும் சுமை' என்றால், யார் தலையில், யார் ஏற்றியது என்று கேட்கத் தோன்றும். கொழுந்துக் கூடையும் பால் வாளியும் சுமந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

இது வெறும் சொல் தகராறு அல்ல. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இடைவிடாது வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அதற்குள் அடங்கினர். யார் எப்போது வேலை செய்தார் என்பதைச் சொல்லும் செக்ரோல் இருந்ததோ தோட்டக் கந்தோரில். ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

உரிமை கேட்பவர்தானே நிரூபிக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம். நம்மட ஃபிக்ஹிலும் பையினா, அதாவது சான்று, முத்தஈ மீதே, வாதி மீதே, கடமை. ஆனால் முத்தஈ யார்? இருக்கும் நிலை, மாறியதற்குச் சான்று வரும்வரை அப்படியே நீடிக்கும் என்பது இஸ்திஸ்ஹாப். அந்த மக்கள் இங்கே வசித்தார்கள், உழைத்தார்கள், வாக்களித்தார்கள். அந்த நிலையை மாற்ற வந்தது அரசு. ஆகவே என் பார்வையில் முத்தஈ அரசுதான். சுமை இடம் மாறி ஏற்றப்பட்டது. தகப்பனால் நிரூபிக்க முடியாததைப் பிள்ளையும் சுமந்தது. ஒருவரின் விஸ்ரை இன்னொருவர் மீது ஏற்றாத அல்குர்ஆனின் நீதியை (6:164) ஓதும் நாம் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் குடியுரிமை தந்து அந்தப் பாரத்தைப் பெரிதும் இறக்கியது. ஆனால் பிறப்புப் பதிவில்லாத வீடுகளில் மிச்சச் சுமை இன்னும் இருக்கிறது.

சட்ட நூலில் 'எண்பிக்கும் சுமை' என்றே எழுதலாம். சாதாரண மக்கள் நிரப்பும் படிவத்தில் அதுவும் வேண்டாம். "அத்தாட்சியை நீங்களே காட்ட வேண்டும், காட்டாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது" என்று எழுதினால் போதும். அந்தத் தாய்க்கு விளங்கும். என்ன கேட்கிறார்கள் என்று விளங்கினால்தான், ஏன் என்னிடம் கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்கவும் முடியும்.