கும்பகருணன் தீர்த்த கடன்

கும்பகருணனைப் பற்றி வகுப்பிற் கேட்டால், "செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவன்" என்பதே மாணவர் உடனே கூறும் விடை. விடை பிழையன்று. ஆயின், அக்கடன் யாருக்குரியது, எதனால் தீர்த்தான் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை.

போருக்கென எழுப்பப்பட்ட கும்பகருணன், சீதையை விடுத்து இராமனைப் பணிந்து வீடணனோடு உறவாடுவதே உய்யும் வழி என்று அண்ணனுக்கு இடித்துரைக்கிறான். இராவணன் சினந்து மறுக்கிறான். பின்னர்ப் போர்க்களத்தில் வீடணன் வந்து அவனை இராமன் பக்கம் அழைக்கிறான். அறம் எப்பக்கம் என்பதிற் கும்பகருணனுக்கு ஐயமில்லை. தம்பியை அங்கேயே இருக்குமாறு திருப்பியனுப்புகிறான்; தானோ, தன்னை வளர்த்துப் போர்க்கோலம் செய்தவனுக்காகச் சாகத் துணிகிறான்.

இத்துணிவை மேனாட்டு அறநூலார் எங்ஙனம் அளப்பர்? பயன் கருதாது கடமை கருதிச் செய்வதே அறம் என்றார் ஜெர்மானிய அறிஞர் கான்ட். இவ்வளவிற் கும்பகருணன் உயர்ந்து நிற்கிறான். வீடணனுக்கு இலங்கை அரசு கிட்டிற்று. இவனுக்குச் சாவன்றி வேறு ஊதியமில்லை. ஆனால், உன் நெறியை எல்லார்க்கும் பொதுநெறியாக்க இயலுமா என்றும் அதே கான்ட் கேட்பார். உண்டவரெல்லாம் ஊட்டியவனின் தீமைக்கும் துணைநிற்பாராயின், எந்தக் கொடுங்கோலன் வீழ்வான்? ஆங்கில அறிஞர் மில், விளையும் பயனை நோக்குவார். கும்பகருணன் தன்னுயிரை மட்டும் ஈந்தானல்லன்; வானரர் பலர் அவன் கையால் மாண்டனர். கடன் அவனுடையது, அதற்காக உயிர் இழந்தவரோ பிறர்.

இவ்வினா காப்பியத்தோடு முடிவதன்று. 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. 17 ஆம் நாள், நம் சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 40,000 இந்தியப் படைவீரர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசியப் படையிற் சேருமாறு அழைப்பு எழுந்தது. பலர் சேர்ந்தனர். பிரிட்டிஷ் அரசுக்குச் செய்த உறுதியை மீறாது மறுத்தவரும் பலர். அவருட் பலர் நியூகினி போன்ற இடங்களுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். உண்ட உப்பை நினைப்பது ஒரு நியாயம். அவ்வுப்பே இந்திய மக்களின் வரிப்பணத்தால் வந்தது என்பது மற்றொரு நியாயம். இரு சாராரையும் இழித்துரைக்க நமக்கு மனம் வராது. ஆயினும், இவ்விரண்டாம் நியாயம் கும்பகருணன் கேளாது விட்ட வினாவை நமக்குக் காட்டித் தருகிறது.

இராவணன் இட்ட சோற்றை விளைத்தவர் யார்? இலங்கை மக்களன்றோ? போரில் மடியப் போகின்றவரும் அவர்களே. அவர்கட்கும் கும்பகருணன் கடன்பட்டவன். அண்ணனை இடித்துரைத்தபோது அவன் இரு கடனையும் ஒருங்கே தீர்த்தான். படைக்கலம் ஏந்தியபோது ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட்டான்.

எனினும் நம் நெஞ்சம் அவன்பாலே செல்கிறது. காரணம், தன் நெறியை அவன் தம்பிமேற் சுமத்தவில்லை. சாகும் வேளையிலும், தம்பியைக் காக்குமாறு இராமனையே வேண்டுகிறான். தான் தேர்ந்த பக்கம் அறத்தின் பக்கமன்று என்பதை இறுதிவரை மறைக்காத நேர்மை அது.

ஆகவே, ஆசிரியர்களே, கும்பகருணனை நேசிக்கக் கற்பிப்போம். அவன் சென்ற வழியை விதியாகக் கற்பிக்க வேண்டா. செஞ்சோற்றுக் கடன் என்று மாணவர் இனி எழுதினால், "சோறு யாருடையது?" என்று ஒருமுறை வினவுவோமாக.