நீலம் இல்லாத நீல வெளிச்சம்

செஞ்சிக்காரர்களுக்குப் பாழடைந்த கட்டடத்தைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபமல்ல. கோட்டையின் ராஜகிரி அடிவாரத்துக் கல்யாண மகாலின் வளைவுகளுக்குள் உச்சி வெயிலில் நின்று பழகியவர்கள். ஆள் நீங்கிய சுவர் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால், 2023 ஏப்ரலில் வந்த ‘நீலவெளிச்சம்’ என்ற மலையாளப் படத்து வீடு கதவைத் திறந்ததுமே மாட்டிக்கொள்கிறது. பாசியும் விரிசலும் அங்கே யாரோ ரசித்து ரசித்து வைத்தவை.

படத்தை எடுத்த ஆஷிக் அபு சோம்பேறி இயக்குநர் அல்ல. 1964இன் ‘பார்கவி நிலையம்’ படத்துக்கு வைக்கம் முகமது பஷீர் தன் சிறுகதையை விரித்துத் தானே எழுதிய திரைக்கதையையே இவரும் எடுத்துக்கொண்டார். அதே பாழ்வீடு, அதே கிணறு, இசையமைப்பாளர் பாபுராஜின் அதே மெட்டுகள். 1998இல் கஸ் வான் சான்ட் ‘சைக்கோ’வைக் காட்சிக்குக் காட்சி நகலெடுத்தபோது நேர்ந்ததுதான் இங்கும்: எல்லாம் இடத்தில் இருக்கிறது, பயத்தை மட்டும் காணோம். மூலத்தை மாற்றிப் பார்த்தவர்களும் பிழைக்கவில்லை. ஷெர்லி ஜாக்ஸனின் நாவலிலிருந்து ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த ‘தி ஹான்டிங்’, கதவுக்கு அப்பால் கேட்கும் சத்தத்தை வைத்தே நடுங்க வைத்தது. 1999இன் மறு ஆக்கம் கணினி வரைகலையைக் கொண்டு வந்து கொட்டியது.

பழைய படத்தின் ரகசியம் பஷீரிடம் பாதி என்றால், மீதி ஏ. வின்சென்டிடம். கோழிக்கோட்டில் பிறந்து, ஜெமினி ஸ்டூடியோவில் தொழில் படித்தவர். ஸ்ரீதருக்கு ‘கல்யாண பரிசு’, ‘தேன் நிலவு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்துக் கொடுத்த கேமரா. ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் ஓர் ஆஸ்பத்திரி செட்டுக்குள் அடைத்துவிட்டபோது கட்டிலுக்கு அடியிலும் புகுந்து வழி கண்டுபிடித்த மனிதர். இயக்குநராக அவருக்கு முதல் படம் ‘பார்கவி நிலையம்’. அதே 1964இல்தான் ‘காதலிக்க நேரமில்லை’யும் அவர் ஒளிப்பதிவில் வந்தது. அதில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிற காட்சியை நகைச்சுவை என்று ஒதுக்கிவிடுகிறோம். அங்கே பேயும் இல்லை, பாழ்வீடும் இல்லை. ஒரு குரல், கேட்கிற ஒரு முகம், அவ்வளவுதான். பயப்படுகிறவரின் முகத்தில் கேமரா பொறுமையாக நின்றால் போதும் என்பதை அந்தக் காட்சி சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தது. ‘பார்கவி நிலைய’த்தில் சிரிப்பைக் குறைத்து அதே பாடத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார் வின்சென்ட். வாடகைக்கு வந்த எழுத்தாளராக மது, அந்த வீட்டுப் பேயான, கண்ணுக்குத் தெரியாத பார்கவிக்குட்டியிடம் கொஞ்சுகிறார், கெஞ்சுகிறார், நியாயம் பேசுகிறார். பதில் வராத அந்த இடைவெளிகளில் பார்க்கிறவருக்குத்தான் முதுகு சில்லிடுகிறது.

அந்த எழுத்தாளருக்குப் பழைய படத்தில் பெயர் இல்லை. புதியதில் டோவினோ தாமஸ் பஷீராகவே வருகிறார். மரியாதையான எண்ணம்தான். ஆனால் பஷீர் என்று தெரிந்துவிட்டால், இவர் பிழைத்து இன்னும் எத்தனையோ புத்தகம் எழுதப்போகிறவர் என்பதும் தெரிந்துவிடுகிறதே! பிறகு எதற்குப் பதறுவது?

கலர் இருக்கிறது, ஒலிப்பதிவு துல்லியம், கிரீஷ் கங்காதரனின் ஒளிப்பதிவில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று புதிய படத்தின் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். தனித்தனிச் சட்டமாகப் பார்த்தால் இல்லைதான். கதையின் உயிர்முடிச்சைப் பார்த்தால் விஷயம் வேறு. விளக்கு அணைகிறது, எழுத்தாளர் மண்ணெண்ணெய் வாங்கப் போகிறார், திரும்பி வந்தால் அறை முழுக்க நீல ஒளி. பாஸ்கர ராவ் ஒளிப்பதிவு செய்த கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் எங்கிருந்து வரும்? அதைப் பார்வையாளரே தன் செலவில் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது படத்தின் பெயரே நீலவெளிச்சம், சாயமும் தயார். அமானுஷ்யம் அலங்காரமாகிவிட்டது.

பழைய படத்தில் பார்கவியாக வந்த விஜய நிர்மலாவைத் தமிழர்கள் ‘பணமா பாசமா’வில் இலந்தப்பழம் விற்றவராக மட்டும் நினைவு வைத்திருப்பது ஒரு அநியாயம். பிரேம் நசீருக்கும் அவருக்குமான காதல் பகுதி இன்று கொஞ்சம் நீளமாகத் தெரியலாம். புதிய படத்தின் ரீமா கல்லிங்கல் குறைவான நடிகை இல்லை. ஆனால் அவருடைய பார்கவி அழகாகப் போஸ் கொடுத்து முடித்த பிறகே பேயாகிறாள்.

தமிழிலும் இப்போது இதுதான் நடப்பு. ‘காஞ்சனா’ 2011இல் போட்ட பாதையில் ‘அரண்மனை’ நான்காம் பாகம் வரை வந்தாயிற்று. கதவு திறந்தால் டமார், திரை ஆடினால் டமார். இருட்டுக்குள் அரை நிமிஷம் சும்மா நிற்க எந்த இசையமைப்பாளரும் விடுவதில்லை.

பாபுராஜ் அப்படி நிற்க விட்டவர். யேசுதாஸ் பாடிய ‘தாமஸமெந்தே வருவான்’ பீம்பளாசியில் ஓசையில்லாமல் வந்து அமரும். பிஜிபாலும் ரெக்ஸ் விஜயனும் மறுபடி ஒழுங்கு செய்ததை ஷாபாஸ் அமன் உருக்கமாகவே பாடியிருக்கிறார், சித்ராவின் குரலும் குறை வைக்கவில்லை. புதிய படத்தில் காதுக்குத் தேறியவை இவைதான். ஆனாலும் ‘பொட்டித்தகர்ந்ந கினாவு’ என்றால் அது ஜானகி பாடியதுதான். தேய்ந்த பிரதியில், இரைச்சலோடு கேட்டாலும் சரி.