அலையும் பழுதும்: மெல்லிய படைப் பொருள்கள் பற்றிய ஆய்வு மரபுகள்

படைபடையாக அமைந்த சில உலோகப் பளிங்குகளைக் குளிர்விக்கும்போது, அவற்றின் இலத்திரன்கள் எங்கும் சமமாகப் பரவியிராது, குறித்த இடைவெளியில் செறிந்தும் ஐதாகியும் ஒழுங்குபடுகின்றன; கூடவே அணுக்களும் தம் நிலையிலிருந்து சிறிது விலகி, சாலகம் எனப்படும் அணு அடுக்கின் மேல் இன்னொரு நீண்ட ஒழுங்கைத் தோற்றுவிக்கின்றன. இதுவே மின்னேற்ற அடர்த்தி அலை. யாழ்ப்பாணத்து அரியாலை வீடுகளில் விரிக்கப்படும் பனையோலைப் பாயில் பின்னலின் மேல் சாய ஓலையின் கோலம் ஓடுவதை இதற்கு ஒப்பிடலாம். பின்னலில் ஓர் ஓலை பிசகினால் கோலமும் அவ்விடத்தில் விலகும்.

இவ்வலை ஏன் எழுகிறது என்பதில் ஆய்வாளர் ஒருமித்தவரல்லர். பௌதிகவியலாளர் பையர்ல்ஸின் வழிவந்தோர், இலத்திரன்கள் நிரம்பிய சக்தி நிலைகளின் எல்லையான பெர்மி மேற்பரப்பின் இரு பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதே காரணம் என்றனர். 1974, 1975ஆம் ஆண்டுகளில் வில்சன், டி சால்வோ, இந்தியாவிற் பிறந்த சுபாஷ் மகாஜன் ஆகிய மூவரும், படைப் பொருள்களின் இலத்திரன் கோணல் படங்களில் முதன்மைப் புள்ளிகளுக்கிடையே தோன்றிய துணைப் புள்ளிகளை இவ்விளக்கத்தோடு இணைத்தனர். எனினும் 2008இல் யோகன்னஸும் மாசினும், அத்தகைய பொருத்தம் மட்டும் அலையை உருவாக்கப் போதாதென்றும், இலத்திரனுக்கும் சாலக அதிர்வுக்கும் இடையிலான பிணைப்பே பெரும்பாலும் தீர்மானிக்கிறதென்றும் வாதிட்டனர். ஏறத்தாழ 200 கெல்வினில் மாறும் தைத்தேனியம் இருசெலனைட்டில், இலத்திரனும் அது விட்டுச்சென்ற துளையும் ஒன்றையொன்று கவர்வதே காரணமென்பது மூன்றாவது தரப்பின் கொள்கை.

இத்தரப்புகளின் பிணக்கைவிட, பளிங்கின் அணு ஒழுங்கிலுள்ள பழுது பற்றிய கேள்வியே ஆழமானது. 1975இல் இம்ரியும் மாவும், சாலகத்திற் சிதறிய மாசுகள் எவ்வளவு வலுக்குறைந்தவையாயினும், அலையின் முகடு எவ்விடத்திலும் அமையக்கூடியதாக இருப்பின் நெடுந்தூர ஒழுங்கை அவை குலைத்துவிடும் என்று காட்டினர். 1978இல் புக்குயாமாவும் லீயும் மாசுகள் அலையைப் பிணித்து நிறுத்தும் விதத்தை ஆராய்ந்தனர். தனி இலத்திரனுக்குப் பழுது செய்வது வேறு. அதனை ஆப்ரகாம்ஸ், அண்டர்சன், லிச்சியார்தெல்லோ ஆகியோருடன் 1979இல் ஆராய்ந்தவர் இந்தியரான தி. வி. இராமகிருஷ்ணன். இரு பரிமாணத்தில் சிறு பழுதே இலத்திரனை இடத்தோடு கட்டிவிடும் என்ற அவர்களது முடிவு, மெல்லிய படைகளை ஆராயும் எவரும் முதலிற் கற்கவேண்டியதாகும்.

ஆகவே, அலை கண்டோம் என்று சொல்வோர் தம் பளிங்கின் பழுதையும் அளந்து சொல்லவேண்டும். நையோபியம் இருசெலனைட்டின் திரள் வடிவில் அலை 33 கெல்வினிலும் மின்தடையற்ற நிலையான மீகடத்தல் 7.2 கெல்வினிலும் தோன்றுகின்றன. அதன் ஒற்றைப் படையில் அலை வலுப்பெற்று 145 கெல்வின் வரை நிலைக்கிறதென, பளிங்கிலிருந்து உரிக்கப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்தோர் 2015இல் அறிவித்தனர். கிராபீன் மீது வளர்க்கப்பட்ட படையில் அது திரளின் நிலையை ஒத்ததே என 2016இல் வேறொரு குழு கூறியது. தாங்கு தளமும், தயாரிப்பு முறையும், அளவிடும் கருவியும் இங்கு வேறுபடுகின்றன; இவற்றைப் பிரித்தறியாமல் எத்தரப்பின் வெற்றியையும் பறைசாற்றுவது தவறு. அலையின் கோலத்தை அணு அளவில் நேரிற் காட்டும் ஊடுருவு நுண்நோக்கி, சராசரியைத் தரும் கோணல் படம், தடையின் திடீர் மாற்றம் ஆகிய மூன்றும் ஒத்துவரும்போதே சான்று நிறைவு பெறும்.

போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் (கிராபைற்று) இலங்கைக்குரிய, உலகறிந்த படைப் பொருளாகும். தூய காரீயத்தில் இவ்வலை இல்லை. ஆனால் படைகளுக்கிடையே கல்சியம் புகுத்தி மீகடத்தியாக்கிய காரீயத்தில் இலத்திரன் வரிகள் 2011இல் காணப்பட்டன. அவற்றின் இடைவெளி கல்சிய அடுக்கின் இடைவெளியின் மும்மடங்காகும். கல்சிய அணுக்கள் இடம்பெயர்ந்தன. ஆனால் காபன் சாலகத்தில் எவ்வித விலகலும் தென்படவில்லை. அலையும் சாலக விலகலும் பிரியாதவை என்ற பையர்ல்ஸ் மரபின் எடுகோளுக்கு இதனினும் கடுமையான சோதனை அரிது.