அம்மி கொத்தத் தெரியாத ட்ரில்

போன ஆடித் தள்ளுபடிக்கு முந்தின ஆடித் தள்ளுபடியில் ஒரு கார்ட்லெஸ் ட்ரில் வாங்கினேன். 12 வோல்ட், இரண்டு பேட்டரி, சார்ஜர், கூடவே பிட்டுகள், ஸ்க்ரூ முனைகள், ஒரு டேப், எதற்கென்று இன்றுவரை விளங்காத இரண்டு வளையங்கள் என்று மொத்தம் 108 உருப்படிகள். (108 என்பது தற்செயலா, நம்ம ஊர்க்காரர்களை நினைத்துப் போட்டதா, தெரியவில்லை.) விலை 5,200 ரூபாய். வாங்கியதற்கு ஒரே காரணம், அப்பாவின் படத்தை ஹாலில் மாட்ட வேண்டும். அம்மா நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் மேல் ஏறினேன். சிமென்ட் பூச்சுக்குள் பிட் வெண்ணெயாக இறங்கியது. 'அட!' என்று நினைப்பதற்குள் நின்றுவிட்டது. அமுக்கினேன். கிர்ர்ர் என்று கத்தியது. முனை சூடேறி நீலமாகிவிட்டது. முதல் பேட்டரி காலி. இரண்டாவதும் காலி. சுவரில் ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பள்ளம். அப்பா சோபாவில் சாய்ந்தபடி, சட்டத்துக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தவரை என்னை ஓர் ஆணி அடிக்க விட்டதில்லை மனுஷன். காரணம் அன்றைக்குப் புரிந்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். கையில் ஒயர் வைத்த பழைய ஹேமர் மிஷின், பாதி பெயின்ட் போனது. அரை நிமிஷத்தில் துளை. என் மிஷினைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல மிஷின்தான் ஸார். ஆனா இது மரத்துக்கு. நீங்க போட்டது பீம்ல."

இந்த ஒரு வரி என் பெட்டியின் ஆறு பக்கங்களில் எதிலும் இல்லை. அதனால்தான் இந்த வாரம் பெட்டிகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் வோல்ட். ஒரு கம்பெனி 18 என்கிறது, இன்னொன்று '20 மேக்ஸ்' என்கிறது. இரண்டு வோல்ட் கூட என்று ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது இரண்டிலும் ஐந்து லித்தியம் செல்கள்தான். ஒவ்வொன்றும் முழுசாகச் சார்ஜ் ஆனவுடன் நாலு வோல்ட் காட்டும். வேலை பார்க்கும்போது சராசரியாக 3.6. ஐந்தை நாலால் பெருக்கினால் 20, 3.6-ஆல் பெருக்கினால் 18. காலை டிபன் சாப்பிட்டவுடன் இருக்கிற தெம்பையும் நாள் முழுக்க இருக்கிற தெம்பையும் தனித்தனி ஆளாக விற்கிறார்கள், அவ்வளவுதான். என்னுடைய 12-ம் அதே கதை. மூன்று செல், உண்மைக் கணக்கு 10.8. நான் பி.காம். எங்கள் பாஷையில் இதற்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர்.

அடுத்தது டார்க். முறுக்கு விசை. இதற்கு ஹார்டு, சாஃப்ட் என்று இரண்டு எண் உண்டு. இரும்பில் ஸ்க்ரூ முட்டி நிற்கிறபோது வருவது ஹார்டு. மரத்தில் மெல்ல இறங்குகிறபோது கிடைப்பது சாஃப்ட். மர வேலைக்கு வாங்குகிறவருக்குத் தேவை இரண்டாவது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது. பாதிக்குப் பாதி வித்தியாசம்கூட இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

எண்களை விடுங்கள். கேட்க வேண்டிய கேள்வியே வேறு. எதைத் துளைக்கப் போகிறீர்கள்?

சின்ன வயசில் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று குரல் கேட்டிருப்பீர்கள். அவர் உளியைக் கல்லில் வைத்துத் திருகினாரா? தட்டினார். கல் திருகினால் மசியாது, தட்டினால்தான் உதிரும். கான்கிரீட்டும் கல்தான். சாதா கார்ட்லெஸ் ட்ரில் திருகும், தட்டாது. 'இம்பாக்ட்' என்று எழுதியவை தட்டும், ஆனால் உள்ளே இரண்டு பல் சக்கரங்கள் உரசி எழுப்பும் சின்ன அதிர்வு அது. செங்கலுக்குச் சரி. பீமுக்கும் தூணுக்கும் காற்றழுத்தத்தால் பிஸ்டன் ஓங்கித் தட்டுகிற ரோட்டரி ஹேமர் வேண்டும். இப்போதைய அடுக்குமாடிகள் சிலவற்றில் அலுமினிய அச்சு வைத்து எல்லாச் சுவரையும் கான்கிரீட்டிலேயே வார்த்துவிடுகிறார்கள். அந்த மாதிரி வீடென்றால் என் மிஷின் உங்களுக்கு ஷோகேஸ் பொம்மை. இதற்கு நேர் எதிர், லேசான வெள்ளைக் கல் கட்டுமானம். அதில் தட்டவே கூடாது. தட்டினால் துளை அகன்று பிளக் ஆடும்.

'நாஸா நிலாவுக்காகக் கண்டுபிடித்தது' என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளாக் அண்ட் டெக்கர் 1961-லேயே பேட்டரி ட்ரில்லைக் கொண்டுவந்துவிட்டது. நிலாவுக்குப் போனது பத்து வருஷம் கழித்து, 1971-ல், அப்போலோ 15-ல். அதுவும் சும்மா திருகுகிற மிஷின் இல்லை, தட்டித் திருகுகிறது. அப்படியும் டேவிட் ஸ்காட் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் திட்டமிட்டுப் பாதியைத் தாண்டியதும் மாட்டிக்கொண்டார். மண் மாதிரி எடுக்க இறக்கிய குழாயைப் பிடுங்க இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. என் ஸ்டூல் அனுபவத்துக்கு இதைவிட ஆறுதல் கிடையாது.

சரி, அப்படியானால் நான் வாங்கியது தண்டமா? அதுதான் இல்லை. தோற்ற மிஷினை மர வேலைக்கு எடுத்தேன், ஆளே மாறிவிட்டது. அலமாரிக் கதவு தொங்கியது, புது கீல் போட்டேன். பிளைவுட்டில் கீல் உட்காரும் 35 மில்லிமீட்டர் குழியைக்கூட, தனி பிட் வாங்கி, நிதானமாக எடுத்தது. கட்டில், புத்தக ஷெல்ஃப், திரைச்சீலைக் கம்பிக்கு மரச்சட்டம் என்று எல்லாமே அதில்தான் செய்தேன்.

இதில் நான் கொண்டாடுகிற பாகம் மூக்கருகே எண் போட்டிருக்கும் வளையம். கிளட்ச். ஸ்க்ரூ போதுமான அளவு இறங்கியதும் 'டக்டக்' என்று நழுவி நின்றுகொள்ளும். மரத்தூள் பலகையில் இது இல்லாவிட்டால் ஸ்க்ரூ புரை தின்றுவிட்டுச் சும்மா சுற்றும். அந்த ஓட்டை அப்புறம் எதற்கும் உதவாது. சின்ன எண்ணில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மேலே 1, 2 என்று ஒரு பட்டன் இருக்கும். ஸ்க்ரூவுக்கு 1, துளைக்கு 2. தேக்கு, வேலம் போன்ற கெட்டி மரமென்றால் ஸ்க்ரூவைவிட ஒல்லியான துளை முதலில் போடாமல் ஸ்க்ரூவை இறக்காதீர்கள், சட்டம் பிளந்துவிடும். சுவர் பிட்டால் மரத்தைத் துளைத்தால் புகைதான் வரும். என் 108-ல் மரத்துக்கென்று இருந்த பிட்டுகள் மூன்று. அதில் ஒன்று வளைசல்.

வீட்டுக்கும் மரத்துக்கும் 12 வோல்ட் தாராளம், கையும் வலிக்காது. தடித்த கட்டைகளை நாள் முழுக்கத் துளைக்கிறவர் 18-க்குப் போகட்டும். சுவருக்கு? வாடகைக்கோ, கடனாகவோ, எலக்ட்ரீஷியனோடு சேர்த்தோ ஒரு ஹேமர். அதோடு, எந்த மிஷினானாலும் ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடாதீர்கள். ஒயர் அந்த வழியாகத்தான் ஓடும். இந்த வரியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டாலும் சரி.

பேட்டரி விஷயத்தில் உஷார். பிரின்டரைக் கொடுத்து இங்க்கில் பிடிக்கிற வியாபாரம் இது. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது. வாங்குமுன் தனிப் பேட்டரி என்ன விலை, இந்த ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். உள்ளேயே பொருத்தி மூடிய மலிவு மிஷினில் பேட்டரி போனால் மிஷினே போச்சு. ஒயர் மிஷினில் கார்பன் தேய்ந்தால் தெருமுனைக் கடையில் மாற்றிக்கொண்டு பத்து வருஷம் ஓட்டலாம். பேட்டரியை முழுக்கக் காலியாக்கி மாதக்கணக்கில் பரண்மேல் போடாதீர்கள். மே மாதம் கார் டிக்கியிலும் வேண்டாம்.

இரண்டு வருஷத்தில் நான் போட்ட உருப்படியான துளைகள் 65. துளைக்கு 80 ரூபாய். எலக்ட்ரீஷியன் 50 ரூபாய் கேட்கிறார். கணக்குப்படி நஷ்டம். ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கதவு தொங்கினால் அவர் வரமாட்டாரே!

அப்பா படம் பீமில் கெட்டியாகத்தான் நிற்கிறது. "இடது பக்கம் லேசா சாஞ்சிருக்கோ?" என்கிறாள் அம்மா. துளை போட்டது எலக்ட்ரீஷியன், எனவே பொறுப்பு என்னுடையதல்ல. ட்ரில் இப்போது என்னிடம் இல்லை. கட்டில் மாட்ட வேண்டுமென்று மூன்றாம் மாடிக்காரர் போன மாசம் வாங்கிப் போனார். சார்ஜர் மட்டும் என்னிடம் இருக்கிறது.