பத்துக் குதிரைக்குக் கவசமா, பதின்மூன்று குதிரையா?

பிலிமத்தலாவைப் பொடியன் ஒருவனும் பேராதனை வளாக மாணவன் ஒருவனும் அண்மையில் ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டில் மோதினார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வளாகத்துக்காரன் வில்லாளிகளை ஓட்டிய வேகத்தையே புகழ்கிறார்கள். கை வேகம் இருந்தது உண்மைதான். ஆனால் ஆட்டம் கைமாறியது கொல்லன் பட்டறையில். பிலிமத்தலாவைப் பொடியன் பத்து நைட் குதிரைவீரர்களைத் திரட்டியிருந்தான். முதல் கவசம் போட்டாயிற்று. இரண்டாவது கவசத்துக்கு வைத்திருந்த பணத்தில் மேலும் மூன்று குதிரைகளை இறக்கினான். கண்டி வீதியோரம் பித்தளைப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர்க்காரன் உலோகத்தை நம்பாமல் போனதைக் கேலி செய்யலாம். கணக்குப் பார்ப்பது அதைவிடப் பயன்.

ஒரு நைட்டின் விலை 60 உணவு, 75 தங்கம். மூன்று நைட் என்றால் மொத்தம் 405. இரண்டாவது கவசமான சங்கிலிக் கவசம் 250 உணவு, 150 தங்கம், ஆக 400. விலை ஏறக்குறைய ஒன்று. கவசம் தரும் ஒரேயொரு புள்ளி அற்பமாகத் தோன்றுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

நைட்டின் உயிர்ப்புள்ளி 100. அம்பைத் தாங்கும் கவசம் பிறவியிலேயே 2. அம்பு மேம்பாடு இரண்டையும் முடித்த கிராஸ்போ வில்லாளியின் தாக்குதல் 7. எதுவும் வாங்காத நைட் மீது ஒவ்வோர் அம்பும் 5 புள்ளி தின்னும். 20 அம்பில் ஆள் காலி. 150 உணவு கொடுத்து முதல் கவசம் போட்டால் 25 அம்பு தாங்கும். இரண்டாவதும் போட்டால் 34. முதல் புள்ளி ஐந்து அம்பை மிச்சம் பிடித்தது, அடுத்த புள்ளி ஒன்பதை. இந்த ஆட்டத்தில் கவசம் அடியிலிருந்து நேராகக் கழிக்கப்படுவதால், அடி சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு ஏறுகிறது.

இப்போது படையைப் பாருங்கள். சங்கிலிக் கவசத்தோடு பத்து நைட்டை வீழ்த்த 340 அம்பு வேண்டும். அது இல்லாத பதின்மூன்றுக்கு 325 போதும். எட்டு நைட் இருக்கும்போது கணக்கு 272க்கு 275, குதிரை வாங்குவதே மேல். ஒன்பதில் 306க்கு 300 என்று தராசு சாய்கிறது. மூன்று வாள் கூடுதலாக வெட்டுமே என்பீர்கள். வெட்டும், பின்வாங்கிக்கொண்டே எய்பவனை எட்டிப் பிடித்தால். கவசமோ இனி லாயத்திலிருந்து வரப்போகும் குதிரைக்கும் சேர்த்துத்தான். தங்கமும் 75 மிச்சம். அதற்கு ஈடாக வயலில் உணவு பெருக வேண்டும் என்பதுதான் இதில் உள்ள இடைஞ்சல்.

எதிரே பைக்மேன் என்ற ஈட்டிக்காரன் நின்றால் கதையே வேறு. பைக்மேனின் தாக்குதல் வெறும் 4. குதிரைக்கு எதிரான 22 புள்ளி அதற்கு மேல் வருகிறது, அந்த 22இல் இந்தக் கவசத்தின் கை படாது. பட்டறைக் கவசம் எதுவும் வாங்காத நைட்டை அவன் 24 வீதம் குத்துகிறான், இரண்டும் போட்ட நைட்டை 22 வீதம். இரண்டு நைட்டும் ஐந்தாவது குத்தில் விழுவார்கள். 550 வளம் செலவழித்து ஒரு குத்துக்கூட மிச்சமில்லை! லாயத்தில் ‘பிளட்லைன்ஸ்’ வாங்கி உயிரை 120 ஆக்கினால்தான் ஆறாவது குத்து தேவைப்படும்.

இரும்புச் சட்டைக்கு எட்டாத இடம் பிலிமத்தலாவைப் பக்கத்து மண்ணிலும் உண்டு. 1594இல் பேத்ரோ லோப்பஸ் டி சோசா நடத்திவந்த போர்த்துக்கேயப் படை தந்துரையில் அழிந்தபோது, அவர்களை வீழ்த்தியது வாள்முனை மட்டுமல்ல. உணவு வரும் வழி அடைபட்டது, கூட வந்த உள்ளூர்ப் படையினரான லஸ்கரின்கள் கைவிட்டார்கள், ஒடுங்கிய மலைப்பாதையில் கண்டி மன்னன் விமலதர்மசூரியனின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். குதிரைப் பாய்ச்சலுக்குச் சமவெளி வேண்டும். பலனைக் கணவாய்ப் பக்கம் அதற்கு ஏது இடம்?

மீண்டும் ஆட்டத்துக்கு வந்தால், 2022இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம் கவசக்காரனுக்கு இன்னொரு தலைவலியைக் கொண்டுவந்தது. அதில் வரும் திராவிடர்களிடம் நைட்டே கிடையாது. ஆனால் ஆட்டத்தின் கடைசிக் காலகட்டத்தில் ‘வூட்ஸ் எஃகு’ கிடைக்கிறது. அதன்பின் அவர்களின் காலாளும் குதிரையும் வெட்டும் வெட்டுக்குக் கவசம் கணக்கிலேயே வராது. கொஞ்சம் மிகைதான், என்றாலும் ஆதாரமில்லாத கற்பனை அல்ல. தென்னிந்தியாவும் இலங்கையும் பழங்காலத்தில் எஃகுக்குப் பெயர்பெற்றவை. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

அந்த எஃகு வில்லுக்கு உதவாது என்பதைத்தான் குதிரைக்காரன் பிடித்துக்கொள்ள வேண்டும். திராவிடர் யானை மேலிருந்து எய்ய வந்தால் மூன்றாவது கவசத்துக்கு 350 உணவும் 200 தங்கமும் தாராளமாகக் கொடுக்கலாம், அம்புக்கு எதிராக இரண்டு புள்ளி கூடும். உருமி வாள் சுழற்றும் காலாளோடு வந்தால் பட்டறைப் பக்கமே போகாமல் அந்தப் பணத்தில் வில்லாளிகளைத் திரட்டலாம்.