எட்டுத் துண்டாகும் ஊர்ப்பெயர்

இலங்கை மலையகத்திலுள்ள தெமோதரை என்ற ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வெட்டினால் நான்கு எழுத்து. குறிகளையும் பிரித்து வெட்டினால் எட்டுத் துண்டு: ஒற்றைக்கொம்பு, த, இரட்டைக்கொம்பு, ம, கால், இன்னொரு த, இணைக்கொம்பு, ர. மூன்று கொம்புகளும் ஒரே சுழியின் வேறுபாடுகள். காலுக்கும் ரகரத்துக்கும் பல எழுத்துருக்களில் ஒரு சின்ன வால்தான் வித்தியாசம். ஆக, எட்டுத் துண்டும் மூன்று நான்கு வடிவக் குடும்பங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வெட்டிய எழுத்தை ஒட்டி, ஸ்கேன் செய்து, கணினியில் முடிவின்றி அடுக்கித் துணிக்கும் பைக்கும் பரிசுத்தாளுக்கும் கோலவுரு ஆக்குகிறார்களே, அந்தக் கலைக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் வேண்டாம்.

ஆனாலும் அப்படி வரும் தமிழ்க் கோலவுருக்களில் பெரும்பாலானவை சலிப்பூட்டுகின்றன. குறை எழுத்தில் இல்லை. பொருத்துகிற இடத்தில் இருக்கிறது.

கையால் செய்யும் பழைய முறை எளிது. ஒரு தாளின் நடுவில், ஓரத்தைத் தொடாமல், எழுத்துத் துண்டுகளை ஒட்ட வேண்டும். தாளை நான்காக வெட்டி, மூலைக்கு மூலை இடம் மாற்றினால் பழைய ஓரங்கள் நடுவுக்கு வந்து சிலுவை வடிவில் ஒரு வெற்றிடம் விடும். அதை நிரப்பினால் தாள் எந்தப் பக்கம் அடுக்கினாலும் பொருந்தும். கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் W விசையைத் தட்டினால் இதே வேலை திரையில் உடனுக்குடன் நடக்கிறது. இடது ஓரத்தில் வைத்தது வலது ஓரத்தில் எட்டிப்பார்க்கும். இன்னொரு இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப், ஒரு துண்டை 17 சமச்சீர் முறைகளில் பரப்பித் தருகிறது. 17 என்பது மென்பொருள்காரர் விருப்பத்துக்கு வைத்த எண்ணில்லை. ஒரு தளத்தை இரு திசையிலும் திரும்பத் திரும்ப நிரப்ப அத்தனை வகைதான் உண்டு என்று ரஷ்யாவின் ஃபெடொரொவ் 1891-இல் நிறுவினார். ஜோர்ஜ் போல்யா 1924-இல் அதே முடிவைத் தனியே கண்டார். பள்ளிக்கூடக் கணிதத்தில் தெசலாக்கம் படித்த பிள்ளைக்கு இதில் எதுவும் புதிராக இராது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பதினேழில் ஐந்து முறைகள் மட்டுமே உருவைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் புரட்டுவதில்லை. மீதிப் பன்னிரண்டிலும் எழுத்தின் பாதிப் பிரதிகள் இடவலம் மாறிவிடும். பகரம் தப்பித்துவிடும், அதன் இரு பக்கமும் ஒன்று. டகரமும் தகரமும் தப்பாது. புரட்டாத அந்த ஐந்திலும் எழுத்தைத் தலைகீழாக்காமல் நிமிர்த்தியே வைக்கும் முறை என்றால் வெறும் நகர்த்தல் ஒன்றுதான் மிஞ்சும். பூவுக்கோ இலைக்கோ இந்தக் கவலை இல்லை. எழுத்துக்கு மேல் கீழ் உண்டு, இடம் வலம் உண்டு. அதை இழக்கும்போது என்ன கிடைக்கிறது என்று கேட்காமலே பொத்தானை அழுத்துவது வடிவமைப்பாகாது.

எழுத்து எழுத்தாக இருக்கத்தான் வேண்டுமா? கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையில் எழுத்துப்போல் தோன்றுபவை பலவும் வாசிக்க முடியாதவை; சாதகக் கட்டங்களும் கணக்குகளும் போன்ற கோடுகள் பரப்பெங்கும் நிறைந்திருக்கும். ஜெர்மனியின் கேர்ட் ஷ்விட்டர்ஸ் 1919-இல் ஒரு வங்கி விளம்பரத்திலிருந்து வெட்டியெடுத்த அரைச்சொல்லையே தன் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். வாசிப்பை உடைப்பதால் பார்வை விழித்துக்கொள்ளும் என்பதற்கு இவை சான்று. ஆனால் இரண்டிலும் ஓர் அங்கம் இன்னொன்றின் அச்சுப்பிரதியாக வருவதில்லை. கண் வாசிக்க முயன்று தோற்று, மறுபடி முயலும் அந்தத் தவிப்புத்தான் அங்கே சுவை. ஒரே துண்டை ஆயிரம் முறை அடுக்கிய துணியில் கண் இரண்டாம் வரிசையிலேயே முயற்சியைக் கைவிட்டுவிடுகிறது.

தமிழில் இதற்கு எதிர்முனையும் உண்டு. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் நாகபந்தம் ஒன்று. பாம்புகள் பின்னிக்கொள்ளும் சந்திகளில் நிற்கும் எழுத்து, குறுக்கே போகும் இரண்டு ஓட்டங்களுக்கும் பொது. வடிவத்துக்காக வைத்த எழுத்து பொருளுக்கும் உழைக்கிறது. இன்றைய எழுத்துக் கோலவுருவை இந்த அளவுகோலால் அளப்பது கொஞ்சம் கொடுமைதான். என்றாலும் ஒரு கேள்வியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: இரண்டு பிரதிகள் சந்திக்கும் ஓரத்தில் ஏதாவது நடக்கிறதா? ஒரு மகரத்தின் வால் அடுத்த பிரதியின் கொம்பாக மாறுகிறதா? இல்லை, வெறும் வெள்ளை இடைவெளிதானா?

தெமோதரை இருக்கும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு வெட்டிய எழுத்து புதிதில்லை. பலகைத் தேயிலைப் பெட்டிகளின் காலத்தில் தகட்டில் வெட்டிய ஸ்டென்சிலை வைத்து மை பூசித்தான் தோட்டத்தின் பெயர், தரம், இலக்கம், நிறை எல்லாம் பதிந்தார்கள். பி.ஓ.பி. என்ற தரப்பெயரில் வரும் மூன்று ஆங்கில எழுத்துகளுக்குள்ளும் மூடிய வெளி இருக்கிறது. பாலம் விட்டு வெட்டாவிட்டால் நடுத்துண்டு விழுந்துவிடும். அந்தப் பாலங்களும், ஓரத்தில் கசிந்த மையும், பெட்டிக்குப் பெட்டி சற்றே சரிந்த வரியும் சேர்ந்துதான் அடுக்கிய பெட்டிகளுக்கு ஓர் அழகைக் கொடுத்தன. கொழுந்து பறித்தவரின் மொழி மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை. தமிழில் வெட்டியிருந்தால் சில எழுத்துகளுக்காவது தகட்டு வேலை இன்னும் சுலபம்: ட, ப, ய, ர எல்லாம் திறந்த எழுத்துகள், பாலமே தேவையில்லை.

இந்த நாட்டில் எழுத்தை அலங்காரமாக்குவதற்கு இன்னொரு கனமும் உண்டு. வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ என்ற ஒற்றை எழுத்து நாடு முழுவதும் திரும்பத் திரும்பத் தோன்றியபோது அது அரசியலானது. 1958-இல் அதன்மேல் தார் பூசும் எதிர்ப்பு மலையகத்துக்கும் பரவியது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் வந்தது 1987-இன் பதின்மூன்றாம் திருத்தத்தில். அதற்குப் பிறகும் பொதுப் பலகைகளில் கொம்பு இடம் மாறிய, புள்ளி தொலைந்த தமிழ் வாடிக்கையாகிப்போனது. பிழையில்லாத பெயர்ப்பலகைக்கே இவ்வளவு காத்திருந்த ஊரில், அருகிலுள்ள ஒன்பது வளைவு ரயில் பாலத்தைப் பார்க்க வருபவருக்கு விற்கும் பையில் தமிழ் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகக் கிடந்தால் அதைக் கலைஞரின் சுதந்திரம் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. வேண்டுமென்று உடைத்த எழுத்தையும் தெரியாமல் உடைந்த எழுத்தையும் பார்ப்பவரால் பிரித்தறிய முடிய வேண்டும். முடியாவிட்டால் படைப்பு தோற்றது.

தெரியாமல் உடைவதற்கும் கணினியே வழி செய்கிறது. சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை மாற்றாவிட்டால் ஒற்றைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பல அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவைக் கைவிடவில்லை. பெனர் முதல் கலியாணக் கார்ட் வரை ஒரே முகம். வேறு முகங்கள் இல்லாமலில்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவாணர் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வெட்டவும் மாற்றவும் தடையில்லை.

இருந்தாலும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடக் கூடாது. பாடசாலை மேடைத் திரையில் குத்துவதற்காக ரெஜிபோமில் எழுத்து வெட்டும் பிள்ளை ஒரே தகரத்தை நான்கு முறை வெட்டினால் நான்கும் நான்கு விதமாக வரும். ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து நகலெடுப்பவர் அந்த மூன்று வித்தியாசங்களையும் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு மென்பொருளில் 'கைவேலைத் தோற்றம்' தரும் வடிகட்டியைத் தேடுகிறார். நான்கையும் உள்ளே கொண்டுவந்தால் திரும்பும் அலகு பெரிதாகும், கோப்பும் பெரிதாகும், பழைய கணினி திணறும். தாளின் மெல்லிய நிழலைத் துடைக்காமல் விட்டால் அச்சுக் கடைக்காரர் அதை அழுக்கு என்று நினைத்துத் தானே துடைத்தும் விடுவார், முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால்.