கோட்டையும் சூளையும்

"ஒரு நாவல், தோழர்களே, ஒரே ஒரு நாவல்! அதுதான் இங்கிலாந்து நாட்டு ஏழைக்கு இலவச மருத்துவத்தை வாங்கித் தந்தது!" என்று படிப்பகத்திலே தோழரொருவர் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து முழங்கினார். கையொலி எழுந்தது; அடங்கிற்று. பின்வரிசையிலே, தோளில் துண்டும் துண்டிலே வெள்ளைப் பொடியுமாக அமர்ந்திருந்த ஒருவர் எழுந்தார்.

"அதெல்லாம் சரிதாங்க. காசு யாரு கொடுத்தாங்க?"

கேலிக்காகக் கேட்டவரல்லர். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையொன்றிலே வேலை பார்ப்பவர். நம் வகுப்பிலே படிக்கும் சிறுமி ஒருத்தியின் தந்தை. பேசிய தோழர் விடையிறுக்கத் தடுமாறினார். பக்கத்திலே அமர்ந்திருந்த நாம் மேலே விட்டத்தைப் பார்த்தோம். பட்டம் பெற்றவர்கள் நாம், பதில் பெற்றவர்களல்லோம்!

அன்றிரவே அந்த நாவலை மறுபடி எடுத்தோம். கல்லூரி நாளிலே கண்ணீர் மல்கப் படித்த ஏடு. இம்முறை கண்ணீர் குறைந்தது, கேள்வி பெருகிற்று.

ஏ. ஜே. குரோனின் எழுதிய 'தி சிட்டடெல்' 1937இல் வெளிவந்தது. 'கோட்டை' என்று பொருள். எழுதியவர் டாக்டர். 1921 முதல் 1924 வரை வேல்ஸ் நாட்டிலே ட்ரெடீகர் என்னும் நிலக்கரி ஊரில் மருத்துவம் பார்த்தவர். பின்னர் சுரங்கங்களுக்கு மருத்துவ ஆய்வாளராகச் சென்றவர். கேட்டதை எழுதவில்லை, கண்டதை எழுதினார். ஆகவேதான் அந்த ஏட்டிலே மருந்து வாடையும் வருகிறது, கரி வாடையும் வருகிறது.

கதாநாயகன் ஆண்ட்ரூ மேன்சன், படிப்பு முடித்த கையோடு சுரங்க ஊருக்கு வருகிறான். பக்கவாதத்தில் படுத்துவிட்ட டாக்டரின் பெயரிலே இவன் உழைக்கிறான். டாக்டர் வீட்டுப் பெண்மணி கூலியைப் பெட்டியிலே பூட்டுகிறாள். ஊரிலே விஷக்காய்ச்சல். காரணம், கிணற்றிலே கசியும் பழஞ்சாக்கடை. மனுப்போட்டால் அசையாத அதிகாரம்! ஒரு மழையிரவில், மேன்சனும் டென்னி என்னும் குடிகார டாக்டரும் வெடி வைத்து அந்தச் சாக்கடையைத் தகர்க்கிறார்கள். புதுச் சாக்கடை தானே வருகிறது. வேண்டுதலால் தீராத காய்ச்சல் வெடியால் தீருகிறது! படிக்கிற இளைஞனின் தோள் துடிக்கும். நம் தோளும் துடித்தது; மறைப்பானேன்?

இங்கே ஒரு சொந்தச் செய்தி. மேன்சன் மணக்கப் போகிற கிறிஸ்டின் ஒரு பள்ளி ஆசிரியை. அவர்களுடைய முதல் சந்திப்பே சண்டை. தட்டம்மை கண்ட வீட்டுப் பிள்ளையை வகுப்பிலே உட்கார வைக்கலாமா என்று அவளைக் கடிந்து பேசுகிறான். அவளோ, வீட்டிலே கவனிக்க நாதியற்ற பிள்ளையைத் துரத்த மனமின்றி வைத்திருக்கிறாள். முதன்முறை படித்தபோது டாக்டர் பக்கம் நின்றோம். இப்போது 45 பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துகிற நாம், ஆசிரியை பக்கம் சாய்கிறோம். நோய் என்பது உடம்பிலே மட்டும் இருப்பதன்று. வீட்டிலே ஆளில்லாமையிலும், அந்த ஆள் கூலிக்குப் போயாக வேண்டிய கட்டாயத்திலும் இருக்கிறது. குரோனின் இந்த இடத்தைத் தொட்டார்; தோண்டவில்லை.

அடுத்த ஊரிலே மேன்சன் தூசியைக் காண்கிறான். சுரங்கத்துக் கல்தூசி மூச்சுப் பையிலே படிந்து, சதையைக் கல்லாக்குகிறது என்று ஆராய்ந்து நிலைநாட்டுகிறான். அந்தப் பக்கங்களிலேதான் நம் விரல் நின்றுவிட்டது.

ஏனெனில் நம் ஊர் தூசியூர். நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண், விருத்தாசலத்துக்கு வந்து பொம்மையாகிறது, ஊறுகாய் ஜாடியாகிறது, மின்சாரப் பீங்கானாகிறது. களிமண்ணோடு படிகக்கல்லை அரைத்துச் சேர்க்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின் பிசிரைப் பெண்கள் கத்தியால் சுரண்டுகிறார்கள். சுரண்டச் சுரண்ட வெண்பொடி பறக்கிறது. கொலுவிலே ஏறப்போகும் இலக்குமியின் கன்னம் வழவழப்பாகிறது; வழவழப்பாக்கியவளின் நெஞ்சு கரகரக்கிறது! மூக்கைச் சுற்றித் துண்டு கட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியும் பொடியைத் துண்டு தடுக்கும். நெஞ்சை அடைக்கும் பொடி கண்ணுக்குத் தெரியாத பொடி. அதற்குத் துண்டின் இழையெல்லாம் வாசற்கதவு.

படிப்பகத்திலே கேள்வி கேட்டவருக்கு இருமல் ஐந்தாண்டுகளாக. ஒரு மருத்துவமனையிலே காசநோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. மாதக்கணக்கில் விழுங்கினார். தீரவில்லை. மறுபடியும் மாத்திரை. "என்ன வேலை பார்க்கிறீர்?" என்று கேட்கப்பட்டது மூன்றாம் இடத்திலே, அதுவும் பணம் கட்டிப் பார்த்த இடத்திலே. கல்தூசி நோய், சிலிக்கோசிஸ். படத்திலே காசம் போலவே தோற்றமளிக்கும். காச மருந்துக்குக் கட்டுப்படாது. இதற்கென்று குணமாக்கும் மருந்தே கிடையாது. வருமுன் தடுக்கலாம், வந்தபின் மூச்சைச் சற்று இலேசாக்கலாம், அவ்வளவுதான்.

நாவலுக்குத் திரும்புவோம். தூசியைக் கண்ட மேன்சன் என்ன ஆனான்? இலண்டன் சென்று சுரங்க நல வாரியம் ஒன்றிலே உத்தியோகம் ஏற்கிறான், தூசியை ஒழிக்கலாம் என்று. வாரியத்தார் தூசியை ஒத்திவைத்து, முதலுதவிப் பெட்டியிலே என்ன சாமான், கட்டுத்துணி எவ்வளவு அகலம் என்று அறிக்கை கேட்கிறார்கள்! அதிகாரத்தைக் கிண்டல் செய்வதிலே குரோனினுக்கு இணை குறைவு. மனம் வெறுத்து வெளியேறுகிறான், பணக்காரச் சீமாட்டிகளுக்கு ஊசி போட்டுப் பொருள் குவிக்கிறான், திறனற்ற நண்பனின் கத்திக்கு ஓர் ஏழை பலியாகக் கண்டு திருந்துகிறான், மனைவியை இழக்கிறான். கடைசியிலே நல்ல நண்பர்கள் மூவர் கூடி ஒரு சிற்றூரிலே ஒழுங்காக மருத்துவம் பார்க்கப் புறப்படுகிறார்கள். முற்றும்.

நம் குறை இங்கேதான். நோய் நாட்டு நோய். மருந்தோ மூவர் மனச்சாட்சி! கெட்ட டாக்டர் நல்ல டாக்டராகிவிட்டால் போதும் என்பது போலக் கதை முடிகிறது. நல்ல டாக்டரும் சாப்பிட வேண்டுமே, மருந்து வாங்க வேண்டுமே, அதற்கு யார் கொடுப்பது? பின்வரிசைக் கேள்விக்கு விடை இந்த ஏட்டிலே இல்லை. அதுமட்டுமா? விடை சொல்லியிருந்த ஊரிலே இருந்துவிட்டு, அந்த விடையையே கோணலாகத் தீட்டியிருக்கிறார் ஆசிரியர்.

ட்ரெடீகரிலே தொழிலாளர்கள் மருத்துவ உதவிச் சங்கம் கண்டிருந்தனர். வாரக் கூலியிலே பவுனுக்குச் சில பென்னி பிடித்துக் கொடுப்பர். டாக்டரும் மருந்தும் மருத்துவமனையும் சங்கத்தின் பொறுப்பு. கூலி கூடினவன் கூடக் கொடுப்பான், குறைந்தவன் குறையக் கொடுப்பான். நோய் வந்தவனுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கும். கொடுப்பது கூலியைப் பார்த்து, கொள்வது நோயைப் பார்த்து! நாவலிலே இத்தகைய சங்கத்தின் குழு எப்படி வருகிறது? ஆராய்ச்சிக்குக் கினிப் பன்றிகளை வைத்திருந்தான் என்று மேன்சன்மீது வழக்காடும் அறியாக் கூட்டமாக வருகிறது. குழுக்களிலே அறியாமை உண்டு. நம் ஊர்க் குழுக்களையும் அறிவோம். ஆனால் சாமானியன் தன் பென்னியைக் கொண்டே ஒரு மருத்துவமனையை நடத்திக் காட்டிய வியப்பு, அதைக் கண்ணால் கண்ட எழுத்தாளருக்குப் பெரிதாகப் படவில்லையே!

அதே ஊரிலே பிறந்த இன்னொருவருக்குப் பட்டது. அனூரின் பெவன், சுரங்கத் தொழிலாளி. தந்தையும் சுரங்கத் தொழிலாளி. 1925இல் தூசி நோயால் மகன் கையிலே உயிர் விட்டார். அந்தச் சங்கத்து மருத்துவமனைக் குழுவிலே பணியாற்றிக் கற்ற பெவன், அமைச்சரானதும் நாடு முழுவதையும் ட்ரெடீகர் ஆக்கப் புறப்பட்டார். 1948 ஜூலை 5இல் தேசிய மருத்துவப் பணி பிறந்தது. பிறக்குமுன் மருத்துவர் சங்கத்தின் வாக்கெடுப்பிலே பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தனர்! அவர் அஞ்சவில்லை. பணம் பெரும்பாலும் பொது வரியிலிருந்து; சந்தா கட்டியவனா என்று வாசலிலே கேட்பதில்லை. 1951இல் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் நோயாளியிடம் கட்டணம் வாங்குவது என்று அவருடைய அரசே முடிவெடுத்தபோது, பதவியை விட்டே வெளியேறினார். கண்ணாடிக்காகவா பதவி துறப்பார் என்று நகைத்தவர் உண்டு. யார் கொடுப்பது என்னும் கேள்வி கண்ணாடியிலே துவங்கி மற்றவற்றிலும் நுழையும் என்று அவர் கண்டார். அடுத்த ஆண்டே மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் வந்தது.

ஆக, படிப்பகத் தோழர் முழங்கியது பாதி உண்மை. நாவல் ஊரார் நெஞ்சை இளக்கிற்று. கணக்கை எழுதியவன் சுரங்கத் தொழிலாளி.

நம் கணக்கு எப்படி? 1946இலேயே போர் குழு, பணமில்லை என்பதற்காக எவனும் சிகிச்சையின்றிப் போகலாகாது என்றது. 1948இலேயே, இங்கிலாந்துக்குச் சில வாரம் முன்பே, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இங்கே நிறைவேறிற்று. 1955இல் கோவைக்கு வந்தது. 2019 ஜூலை முதல் முதலாளி நூற்றுக்கு 3.25, தொழிலாளி 0.75 என்று விகிதம் வகுத்தனர். ட்ரெடீகர் பென்னியின் தம்பிதான் இது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும்! ஆறு பேர், ஏழு பேர் வேலை செய்யும் சூளையின் தூசி, ஆட்களை எண்ணிப் பார்த்தா நெஞ்சுக்குள் நுழைகிறது? அபாயத் தொழிலென்று அறிவித்தால் ஒரே ஆள் இருக்கும் இடத்துக்கும் செல்லும் என்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலே வழி இருக்கிறது. வழி இருக்கிறது, நடக்க வேண்டும்.

சட்டம் தொடாதவனுக்கு அட்டை இருக்கிறது. தமிழ்நாட்டிலே 2009இல் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது; 2012இல் விரிந்தது; 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்றாயிற்று. நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டு பிழைத்தெழுந்த ஏழைகள் நம் தெருவிலே உலவுகிறார்கள். அட்டையை இகழ்பவன் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இகழட்டும். எனினும், அட்டை படுக்கையைத்தான் அறியும். படுத்தால் பணம்! அறுத்தால் பணம்! நம் மாணவியின் தந்தைக்கோ அறுக்க ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது தூசியை உறிஞ்சும் விசிறி, ஈரத்தோடு அரைக்கும் இயந்திரம், ஆண்டுக்கொருமுறை நெஞ்சுப் படம், "என்ன வேலை?" என்று முதல் நாளே கேட்கும் ஆரம்ப சுகாதார நிலையம். இவற்றுக்கு எந்த அட்டையிலே இடம்?

"எல்லாம் இலவசம் என்றால் நாடு தாங்குமா?" என்று நம் பள்ளி ஆசிரியர் அறையிலே ஓர் அண்ணன் அன்றாடம் கேட்பார். 2022இல் இந்த 'இலவச' வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அண்ணனுக்கு மரியாதையுடன் சொன்னோம்: சூளைக்காரர் வாங்கும் சோப்பிலே வரி உண்டு, செருப்பிலே வரி உண்டு. வருமான வரி கட்டாதவன் வரியே கட்டாதவன் அல்லன். அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். நாம்தான் இரசீது தரவில்லை. 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் கண்டு, மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பிய தமிழ்நாட்டுக்குப் பொதுப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடத் தெரியும் என்பதையும் சொன்னோம். அண்ணன் தேநீர் குடித்தார். பதில் வரவில்லை, தேநீருக்கான காசை அவரே கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாளி கொடுக்கட்டும் என்று கூறிவிட்டு நகர்ந்தால் நமக்கு எளிது. விருத்தாசலத்துச் சிறு சூளைக்காரர் பலர் நேற்றுவரை தொழிலாளிகள். கடனிலே சூளை மூட்டுகிறவர்கள். கொலு நாளிலே பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற நாமும் அந்தத் தூசியின் பங்காளிகள்! ஆகவே தூசியின் விலை பொருளின் விலையிலே சேர வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலனுக்கென்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடச் செலவிலே நூற்றுக்கு ஒன்று எடுக்க வழி செய்ததே, அதுபோல விற்கும் பீங்கானிலே ஒரு சிறு பங்கு எடுத்து, விசிறி வாங்க, படமெடுக்க வைக்கலாம். ராஜஸ்தான் அரசு 2019இல் கொள்கை வகுத்து, தூசி நோய் என்று சான்று பெற்றவருக்கு 3 லட்சமும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் தருகிறது. அதனினும் மேலானது, நெஞ்சிலே தூசி ஏறாமல் செலவிடும் ரூபாய்.

சென்ற ஞாயிறன்று அவர் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து நாவலின் கதையைத் தமிழிலே சொன்னோம். சாக்கடைக்கு வெடி வைத்த இடத்திலே சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கேட்டார்:

"அந்த டாக்டரு தூசியைக் கண்டுபிடிச்சாருன்னீங்களே சார், அதுக்கப்புறம் அங்க தூசி குறைஞ்சுதா?"

புத்தகம் கையிலேயே இருந்தது. புரட்டினோம். கட்டுத்துணியின் அகலத்தை அளக்கச் சொன்ன பக்கத்திலே வந்து நின்றது.